கல்லும் காலமும் – 12: பன்றிப் பல்லும் சாம்பல் அடுக்கும்

மணற்கல் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து வயது கேட்டால் தப்பான விடைதான் வரும். கருவியின் குற்றமல்ல அது. அந்தக் கல்லில் உள்ள ஒவ்வொரு துகளும் எங்கோ ஒரு பழைய பாறையிலிருந்து உடைந்து, ஆற்றோடு உருண்டு வந்தது. துகள் எப்போது பிறந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்; அவையெல்லாம் ஒன்றாகப் படிந்தது எப்போது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி, அது துகளுக்குள் இல்லை. களிமண் பாறைக்கும் இதே கதிதான். எலும்புகளும் கற்கருவிகளும் கிடைப்பதோ பெரும்பாலும் இந்தப் படிவுப் பாறைகளில்.

இந்தச் சிக்கலிலிருந்து எரிமலைச் சாம்பல் எப்படி வழிகாட்டியது என்று சென்ற இதழில் பார்த்தோம். ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் 1959இல் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டுக்கு, அவர் கணவர் லூயிஸ் லீக்கி சுமார் 6 லட்சம் ஆண்டு என்று மதிப்புப் போட்டிருந்தார். 1961இல் பெர்க்லியின் ஜாக் எவர்ண்டனும் கார்னிஸ் கர்ட்டிஸும் அங்கிருந்த சாம்பல் அடுக்கை அளந்து 17.5 லட்சம் என்றார்கள். மனிதக் கதையின் நீளம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. அதற்குப் பிறகு, சாம்பல் கிடைத்தால் போதும், வயது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் ஊறிவிட்டது. அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளான கதைதான் இந்த வாரம்.

கென்யாவின் வடக்கில், எத்தியோப்பிய எல்லையை ஒட்டிக் கிடக்கும் நீண்ட ஏரி துர்கானா. 1975 வரை அதற்கு ருடால்ஃப் ஏரி என்று பெயர். வெயிலும் காற்றும் அறுத்த வறண்ட நிலம். 1967இல் லூயிஸின் மகன் ரிச்சர்ட் லீக்கி விமானத்தில் அதன் கிழக்குக் கரை மேலே பறந்தபோது, கீழே அடுக்கடுக்காகப் படிவுகள் வெளியே தெரிவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அப்போது வயது 23. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. கூபி ஃபோரா என்ற இடத்தில் முகாம் போட்டார்கள்.

1969இல் அந்தக் குழுவில் கே பெரன்ஸ்மேயர் இருந்தார். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவி. ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்க, அதிலிருந்து செதுக்கிய கற்சில்லுகள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் நீர்யானை எலும்புகளுக்கு நடுவே அதே மாதிரிக் கருவிகள். பெரன்ஸ்மேயர் கண்ட தலம் என்பதால் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு ‘சைட்’ (தலம்) என்பதன் எஸ்ஸையும் சேர்த்து அந்த இடத்தை கே.பி.எஸ். என்றார்கள், சாம்பல் அடுக்கும் கே.பி.எஸ். சாம்பல் என்றே ஆயிற்று. பின்னால் பத்தாண்டுக் காலம் ஒரு துறையையே இரண்டாகப் பிளந்த அடுக்குக்கு இப்படித்தான் பெயர் வந்தது.

மாதிரியை ரிச்சர்ட் இங்கிலாந்துக்கு அனுப்பினார். லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ஃபிராங்க் ஃபிட்ச், கேம்பிரிட்ஜின் ஜாக் மில்லர் இருவரும் அதை அளந்தார்கள். முதல் விடை: 21 கோடி முதல் 23 கோடி ஆண்டு. டைனோசர்கள் தலையெடுத்த காலத்தில் யார் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்?

விடை அபத்தம் என்பது அவர்களுக்கும் தெரியும். காரணமும் தெரியும். அதைப் புரிந்துகொள்ள அளவை முறையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்–40 என்னும் கதிரியக்க வகை கலந்திருக்கிறது. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. சிதைவதில் பெரும்பகுதி கால்சியமாகிவிடும். நூற்றில் ஏறக்குறைய 11 பங்கு ஆர்கான்–40 ஆகும். ஆர்கான் எதனோடும் சேராத வாயு. எரிமலைக் குழம்பு கொதிநிலையில் இருக்கும்வரை அது தப்பித்துப் போய்விடும். குழம்பு வெடித்துச் சிதறி, அதிலிருந்த ஃபெல்ஸ்பார் படிகங்கள் குளிர்ந்தபின், புதிதாக உருவாகும் ஆர்கான் படிகத்துக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஆக, படிகத்தில் எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு ஆர்கான் என்று அளந்தால், குளிர்ந்து எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடலாம். வெற்றிடத்தில் படிகத்தை உருக்கி, வெளிவரும் வாயுவை நிறை நிறமாலைமானியில் அளப்பார்கள். சுற்றியுள்ள காற்றிலேயே நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான் இருப்பதால் அதையும் கழித்தாக வேண்டும். 20 லட்சம் ஆண்டுக்குள் சேரும் ஆர்கானோ மிக மிகச் சொற்பம்.

வெடித்த எரிமலைச் சாம்பல் நேராக வானிலிருந்து விழுந்து அப்படியே மூடப்பட்டிருந்தால் இதில் பெரிய வம்பில்லை. கே.பி.எஸ். சாம்பல் அப்படி விழுந்ததல்ல. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் வெடித்த எரிமலையின் சாம்பலை அன்றைய ஆறு வாரிக்கொண்டு வந்து ஏரிப் படுகையில் கொட்டியது. வரும் வழியில் கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள பாறைத்துகள்களையும் சேர்த்தே அள்ளி வந்தது. அந்தப் பழைய துகள்கள் ஒன்றிரண்டு மாதிரியில் சேர்ந்துவிட்டாலும் போதும். அவற்றுக்குள் சேர்ந்திருக்கும் ஆர்கான் மொத்தக் கணக்கையும் ஏறச் செய்துவிடும். எனவே, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படிகம் படிகமாகப் பொறுக்க வேண்டும். சாம்பலோடு மிதந்து வரும் நுரைக்கல் உருண்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. நுரைக்கல்லுக்கு உள்ளே இருக்கும் படிகம் அந்த எரிமலைக்கே சொந்தமானது, வழியில் ஒட்டிக்கொண்டதல்ல.

ஃபிட்சும் மில்லரும் புதிய மாதிரி கேட்டு வாங்கினார்கள். பொறுக்கிய படிகங்களை அணு உலையில் வைத்து, பொட்டாசியத்தின் ஒரு பகுதியை ஆர்கான்–39 ஆக மாற்றி, இரண்டு ஆர்கான்களின் விகிதத்தை மட்டும் அளக்கும் முறையைக் கையாண்டார்கள். அன்றைய நிலையில் அதுதான் புத்தம் புதிய முறை. 1970இல் விடையை வெளியிட்டார்கள்: 26.1 லட்சம் ஆண்டு, பிழை வரம்பு 2.6 லட்சம். உலகின் மிகப் பழைய கற்கருவிகள் தங்களிடம்தான் என்று கூபி ஃபோராக்காரர்கள் தலைநிமிர்ந்தார்கள்.

1972இல் இன்னொன்று நடந்தது. கென்யாவைச் சேர்ந்த பெர்னார்ட் ங்கெனியோ, லீக்கியின் புதைபடிவம் தேடும் குழுவில் இருந்தவர், ஒரு சரிவில் எலும்புச் சிதறல்களைக் கண்டார். சலித்தெடுத்ததில் 150க்கும் மேற்பட்ட துண்டுகள். ரிச்சர்டின் மனைவி மீவ் லீக்கி மற்றவர்களோடு சேர்ந்து வாரக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை ஒட்டினார். உருவான மண்டையோட்டின் கொள்ளளவு சுமார் 750 கன சென்டிமீட்டர். அக்காலத்து ஆதிமனித வகையான ஆஸ்ட்ரலோபிதெகஸ்களுக்கு 500ஐ ஒட்டித்தான். பதிவேட்டில் அதற்கு 1470 என்று எண். கிடைத்த இடம் கே.பி.எஸ். சாம்பலுக்கு முப்பது மீட்டருக்கும் கீழே. சாம்பலுக்கே 26 லட்சம் என்றால் அதற்குக் கீழே புதைந்த தலைக்கு? ரிச்சர்ட் 29 லட்சம் ஆண்டு இருக்கலாம் என்று எழுதினார். அவ்வளவு பழைய காலத்தில் அவ்வளவு பெரிய மூளையா! ஆஸ்ட்ரலோபிதெகஸ் மனிதனின் மூதாதை என்ற கருத்தே ஆட்டம் கண்டது. பெருமூளை மனிதன் மிகப் பழையவன் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய லூயிஸ் லீக்கி, மகன் கொண்டுவந்து காட்டிய அந்தத் தலையைப் பார்த்துவிட்டுச் சில நாட்களில், அக்டோபர் 1 அன்று இறந்துபோனார்.

இடறியது பன்றியிடம்.

ஏரியின் வட முனைக்கு மேலே, எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் பள்ளத்தில், வேறொரு பன்னாட்டுக் குழு 1967 முதல் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே ஷுங்குரா என்ற படிவுத்தொகுதி. நூற்றுக்கணக்கான மீட்டர் கனம். இடையிடையே சாம்பல் அடுக்குகள். கீழிருந்து மேலாக அவற்றுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்திருந்தார்கள். ஃபிராங்க் பிரவுன் அவற்றின் வயதை அளந்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வயது ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே விலங்கு எலும்புகள் ஏராளம்.

காட்டுப்பன்றிப் பற்களைக் கரைத்துக் குடித்தவர் பேசில் குக். மீசோகோரஸ் என்று அன்று அழைக்கப்பட்ட பன்றி இனத்தில் கடைசிக் கடைவாய்ப்பல் காலம் போகப்போக நீண்டுகொண்டே வந்தது. ஓமோவில் கீழடுக்கில் குட்டைப் பல். மேலே ஏறஏற நீளம். பல்லைக் கையில் கொடுத்தால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு அது ஒழுங்கு. கூபி ஃபோராவில் கே.பி.எஸ். சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்களை அவர் அளந்து பார்த்தார். அவை ஓமோவின் 20 லட்சம் ஆண்டு அடுக்குப் பற்களோடு ஒத்துப்போயின. 26 லட்சத்துக்கும் முந்தையவையாக இருந்தால் இன்னும் குட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? பன்றிக் கணக்குக்கும் சாம்பல் கணக்குக்கும் 6 லட்சம் ஆண்டு இடிக்கிறது.

கூபி ஃபோராத் தரப்பு பதில் வைத்திருந்தது: இரண்டு இடங்களிலும் சூழல் வேறு, இங்கே பன்றிகள் முன்னதாகவே மாறியிருக்கலாம். எனக்கு இந்த வாதம் படித்த நாளிலிருந்தே உறுத்தல். இரண்டும் ஒரே ஏரிப் படுகை. குறுக்கே மலையில்லை, கடலில்லை. ஆறு லட்சம் ஆண்டுக் காலம் ஒரு பன்றிகூட இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போகவில்லையா? ஆனால் அன்று இயற்பியல் அளவைக்கு இருந்த மதிப்பு பல்லுக்கு இல்லை. எண் சொல்லும் கருவிக்கு முன்னால் பன்றிக்காரர் சற்றுப் பழைய ஆளாகத் தெரிந்தார். ஒரு கருத்தரங்கத்துக்கு குக் பன்றிப் படம் போட்ட டை கட்டிக்கொண்டு வந்தார் என்று இந்தச் சண்டையை எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதை அவர் சொன்ன விதம் அது.

இதற்கிடையே லண்டன் வயதுக்கு ஆதரவாகவும் சான்றுகள் வந்து சேர்ந்தன. கூபி ஃபோராப் படிவுகளில் உறைந்திருந்த பழங்காந்தத் திசைகளை ஆராய்ந்தவர்கள், அவை 26 லட்சம் என்ற வயதோடு பொருந்துகின்றன என்று 1974இல் எழுதினார்கள். 1976இல், சாம்பலிலிருந்த சிர்கான் படிகங்களில் யுரேனியம் பிளந்ததால் விழுந்த தடங்களை எண்ணியவர்கள் 24.4 லட்சம் என்றார்கள். இந்த இரண்டும் பின்னால் தவறாகிப் போயின. காந்தத் திசை வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வருவது. எங்கே வைத்துப் பொருத்துவது என்று தெரிந்தால்தான் பயன். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கணக்கு அந்த விடைக்கே வந்து நிற்பது காந்தவியலில் மட்டும் நடப்பதல்ல.

கர்ட்டிஸ் சும்மா இருப்பாரா? ஓல்டுவாய்க்கு வயது சொன்ன அதே பெர்க்லிக் கூடத்தில் கே.பி.எஸ். சாம்பலையும் அளந்தார். 1975இல் அவர் குழு ஒன்றுக்கு இரண்டு வயது சொன்னது. 1470 கிடைத்த பகுதியின் சாம்பலுக்கு 18.2 லட்சம், பெரன்ஸ்மேயரின் மூலத் தலத்துச் சாம்பலுக்கு 16 லட்சம். அப்படியானால் கே.பி.எஸ். என்று ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருப்பது இரண்டு வெவ்வேறு சாம்பல்களா? குழப்பம் இரட்டிப்பாயிற்று.

இரு தரப்பிடமும் எதிர்த்தரப்பை மடக்க ஆயத்தமாக ஒரு விளக்கம் இருந்தது என்பதுதான் இதில் சுவை. பெர்க்லி சொன்னது: உங்கள் மாதிரியில் பழைய துகள் கலந்திருக்கிறது, அதனால் வயது ஏறிவிட்டது. லண்டன் சொன்னது: படிவு பிற்காலத்தில் சூடேறி ஆர்கான் கசிந்திருக்கிறது, அதனால் உங்களுக்கு வயது இறங்கிவிட்டது. கலப்பு கூட்டும், கசிவு குறைக்கும். இரண்டுமே நடக்கக்கூடியவை. இப்படி ஆயுதம் கைவசம் இருக்கும்வரை இன்னொரு எண், அதற்கு மேல் இன்னொரு எண் என்று அடுக்கிக்கொண்டே போகலாமே தவிர வழக்கு முடியாது. ஃபிட்சும் மில்லரும் 1976இல் தங்கள் எண்ணை 24.2 லட்சமாகக் குறைத்துக்கொண்டார்கள். 1977இல் ஜான் ஹாரிஸும் டிம் ஒயிட்டும் ஆப்பிரிக்கப் பன்றிகளின் பரிணாமத்தை மொத்தமாக எடுத்துப் போட்டு, கே.பி.எஸ். 20 லட்சத்துக்கு மேல் போகாது என்று காட்டினார்கள். ஹாரிஸ் கூபி ஃபோராக் குழுவிலேயே இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடிச்சு அவிழ்ந்தது வேறு வழியில். வயதை விட்டுவிட்டு, இந்தச் சாம்பல் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள்.

எரிமலைச் சாம்பலில் பெரும்பகுதி கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடியிலும் இரும்பு, டைட்டானியம், மாங்கனீசு, கால்சியம், இன்னும் சொற்ப அளவில் உள்ள பல தனிமங்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும். ஒரே எரிமலை இரண்டு முறை வெடித்தாலும் விகிதம் பெரும்பாலும் மாறிவிடும். ஆறு எவ்வளவு குப்பையைக் கலந்தாலும் கண்ணாடிச் சில்லை மட்டும் பிரித்தெடுத்து அலசினால் அது எந்த வெடிப்பைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். தூரு செர்லிங், ஃபிராங்க் பிரவுன் ஆகியோர் கர்ட்டிஸின் குழுவோடு சேர்ந்து கூபி ஃபோராச் சாம்பல்களையும் ஓமோச் சாம்பல்களையும் இப்படி வரிசையாக ஒப்பிட்டு 1979இல் வெளியிட்டார்கள். கே.பி.எஸ். சாம்பல் ஷுங்குராவில் ஏற்கெனவே இருந்தது. அங்கே அதற்கு எச்–2 என்று பெயர். ஒரே வெடிப்பு, ஒரே சாம்பல். இரண்டு முகாம்களில் இரண்டு பெயர்களோடு கிடந்திருக்கிறது!

ஓமோவின் வரிசையில் எச்–2க்கு மேலேயும் கீழேயும் வயது தெரிந்த அடுக்குகள் உண்டு. 26 லட்சம் ஆண்டு வயதுள்ள அடுக்கு எச்–2க்கு வெகு கீழே கிடந்தது. கலப்பு, கசிவு என்ற சாக்குக்கெல்லாம் இங்கே இடமில்லை. அடுக்கு இருக்கும் இடத்தை யாரும் நகர்த்த முடியாது. பன்றிப் பல் சொன்னதும் அதுதான்.

பிறகு எண்களும் வழிக்கு வந்தன. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் இயன் மெக்டுகல், சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர், நுரைக்கல் உருண்டைகளிலிருந்து ஃபெல்ஸ்பார் எடுத்து அளந்தார். 1980இல் பழைய பொட்டாசியம்–ஆர்கான் முறையில் 18.9 லட்சம், மறு ஆண்டு, லண்டன்காரர்கள் கையாண்ட அதே அணு உலை முறையில் 18.8 லட்சம், பிழை வரம்பு வெறும் 20 ஆயிரம். முன்பு தடங்களை எண்ணி 24.4 சொன்ன மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ கிளீடோ மீண்டும் எண்ணி 18.7 என்றார். 1470க்கு இன்று சுமார் 20 லட்சம் ஆண்டு என்று கொள்கிறார்கள். உலகின் மிகப் பழைய கருவிகள் என்ற பட்டமும் கே.பி.எஸ்.ஸை விட்டுப் போயிற்று.

லண்டன் முறையைக் குறை சொல்வதற்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று உலகெங்கும் சாம்பலுக்கு வயது பார்ப்பது பெரும்பாலும் அந்த ஆர்கான்–39 வழியில்தான். இப்போது ஒரே ஒரு படிகத்தை லேசரால் உருக்கி அளக்கிறார்கள், ஆகவே கலப்படத் துகள் தனியாகக் காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும். 1970இல் இல்லாமல் போனது தூய்மையான மாதிரி.

பிரவுன் அத்தோடு நிற்கவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் கிழக்கு ஆப்பிரிக்கச் சாம்பல்களைச் சேகரித்து, ஒவ்வொன்றின் கலவையையும் பதிவுசெய்துகொண்டே இருந்தார். 1982இல் அவர் காட்டிய பொருத்தம் கே.பி.எஸ். கதையைவிடப் பெரியது. கூபி ஃபோராவில் துலு போர் என்று பெயர் பெற்ற, சுமார் 34 லட்சம் ஆண்டு வயதுள்ள சாம்பல், ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தொலைவில் எத்தியோப்பியாவின் ஹடாரிலும் இருக்கிறது. அங்கே அதன் பெயர் சிதி ஹகோமா. ஹடார் என்றால் லூசி என்று பெயர் பெற்ற ஆதிமனித எலும்புக்கூடு கிடைத்த இடம். லூசி அந்தச் சாம்பலுக்கு மேலே கிடந்தாள். எனவே அவள் 34 லட்சத்துக்கு இளையவள் என்பது அவள் எலும்பைத் தொடாமலே உறுதியாயிற்று. 1985இல் அதே சாம்பலை ஏடன் வளைகுடாவின் கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றிலும் கண்டுபிடித்தார்கள். கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்களின் எச்சங்கள் இடைவெளியில்லாமல் படிந்திருக்கும், அவற்றின் கால வரிசை தனியாகவே தெரியும். நிலத்து எலும்புகளின் வயதைக் கடலின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாலம் கிடைத்தது.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு சாம்பல் வந்து விழுந்திருக்கிறது. 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்தது அது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் அதற்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த இதழில் அங்கே போவோம்.